தாய் பிரிந்த வீட்டில் பிள்ளை

ஒரு வீட்டில் தாய் இறந்துவிட்டால் ஊர் கூடுகிறது. உறவினர் வருகின்றனர், அழுகின்றனர். பதினாறாம் நாள் காரியம் நடக்கிறது. படத்துக்கு மாலை இடப்படுகிறது. துணையற்று நிற்கும் பிள்ளையின் தலையை எத்தனையோ கைகள் தடவிக் கொடுக்கின்றன. 'தாயில்லாப் பிள்ளை' என்று அதற்கு ஒரு பிடி சோறு கூடுதலாகவே விழுகிறது.

அதே வீட்டில் தாய் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டால் என்ன நடக்கிறது? ஊர் கூடுவதில்லை. சடங்கு எதுவும் இல்லை. திண்ணையில் பேச்சு தாழ்ந்த குரலில் நடக்கிறது. பிள்ளை அருகில் வந்தால் அந்தப் பேச்சும் நின்றுபோகிறது. இரு வீட்டிலும் பிள்ளை இழந்தது தாயைத்தான். ஆயினும் ஒரு வீட்டில் அதற்கு அழ உரிமை இருக்கிறது. மற்றொன்றில் அதுவும் இல்லை.

இந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றியதே இக்கட்டுரை. தாய் ஏன் போனாள், குற்றம் யாருடையது என்பன இங்கே பொருளல்ல. கணவனின் அடிக்குத் தப்பிப் போனவர் உண்டு. குடியும் கடனும் தாங்காமல் போனவர் உண்டு. விளையாடும் வயதில் மணமுடிக்கப்பட்டு, வாழ்க்கை என்னவென்று தெரியும்போது விலகியவர் உண்டு. மனநோயால் வீட்டை மறந்தவர் உண்டு. வேறொருவரை விரும்பிச் சென்றவரும் உண்டு. காரணம் எதுவானாலும் மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை ஒன்று அவ்வீட்டில் எஞ்சி நிற்கிறது. அதன் மனத்தில் என்ன நிகழ்கிறது? அது எவ்வாறு தேறுகிறது? நாம் செய்யத்தக்கது யாது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிரிவின் மூன்று படிகள்

தாய் பிரிவைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்து நாட்டு உளமருத்துவர் ஜான் பௌல்பி. 1907-இல் பிறந்த அவர், வசதி மிகுந்த இலண்டன் குடும்பத்துப் பிள்ளை. அக்கால வழக்கப்படி அவரை வளர்த்தவள் ஒரு செவிலிப் பெண். ஏறத்தாழ நான்கு வயதில் அச்செவிலி வேலையை விட்டுச் சென்றபோது தாயையே இழந்ததுபோன்ற துயரம் அவருக்கு ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வீடிழந்த குழந்தைகளின் நிலையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் அவரிடம் அறிக்கை கேட்டது. 1951-இல் வெளிவந்த அவ்வறிக்கை, குழந்தைக்கு உணவைப் போன்றே அன்பான, இடையறாத உறவும் இன்றியமையாதது என்று வற்புறுத்தியது.

பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் ஒரு படம் எடுத்துக் காட்டினார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன லாரா என்னும் சிறுமி, சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை அப்படியே பதிந்த படம் அது. அந்நாளில் அங்கே பெற்றோர் குழந்தையுடன் தங்க இயலாது; பார்க்க வரும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. படத்தைப் பார்த்த மருத்துவர் பலர் சினந்தனர். 'எங்கள் பிரிவில் குழந்தைகள் மகிழ்ச்சியாகவே இருக்கின்றனர்' என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் உண்மை மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது. 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வழி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது.

ராபர்ட்சனும் பௌல்பியும் கண்டது இதுதான்: தாயைப் பிரிந்த சிறு குழந்தை மூன்று படிகளைக் கடக்கிறது. முதலில் எதிர்ப்பு: அழும், தேடும், வாசலைப் பார்க்கும், பிறர் தூக்கினால் திமிறும். அடுத்தது ஏக்கம்: அழுகை ஓயும், ஆனால் விளையாட்டில் நாட்டமிராது, உண்ணாது, ஒடுங்கிக் கிடக்கும். மூன்றாவது விலகல்: குழந்தை சிரிக்கத் தொடங்கும், யாரிடமும் போகும், தாயின் பெயரையே எடுக்காது.

இந்த மூன்றாம் படியில்தான் பெரியவர்கள் ஏமாறுகின்றனர். 'பரவாயில்லை, பிள்ளை மறந்துவிட்டது' என்று நிம்மதி கொள்கின்றனர். உண்மையில் அது மறதி அன்று. வலிக்கும் இடத்தை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவே.

முடிவுறாத இழப்பு

1970-களில் அமெரிக்காவில் பாலின் பாஸ் என்னும் பேராசிரியை, வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களைச் சந்தித்து வந்தார். கணவன் இறந்தான் என்று சொல்ல உடல் இல்லை. இருக்கிறான் என்று சொல்லக் கடிதம் இல்லை. அழுது முடிக்கவும் இயலாமல், காத்திருப்பதை நிறுத்தவும் இயலாமல் அக்குடும்பங்கள் தவித்தன. இவ்வகை இழப்பைத் 'தெளிவற்ற இழப்பு' என்று அவர் பெயரிட்டார். வீட்டைவிட்டுப் போன தாயின் பிள்ளைக்கு நேர்வதும் இதுவே. அவள் எங்கோ இருக்கிறாள். எங்கோ உண்கிறாள், உறங்குகிறாள். ஆகவே ஒவ்வொரு பேருந்திலும் அவள் வந்து இறங்கக்கூடும்.

பிழைப்புக்காகத் தாய் பிரியும் வீடுகளிலும் இவ்வேக்கத்தின் ஒரு பகுதி உண்டு. இலங்கையில் 1970-களின் பிற்பகுதி தொடங்கி, மலையகத் தமிழ்ப் பெண்கள் உட்படப் பல்லாயிரவர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்றனர். பிள்ளைகள் பாட்டியிடமும் சித்தியிடமும் வளர்ந்தனர். 2013-இல் அந்நாட்டு அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் இவ்வேலைக்குச் செல்லத் தடை விதித்தது. தந்தைமாருக்கு அத்தகைய தடை இல்லை. ஆதலால் விதி கடுமையான விமரிசனத்துக்கு உள்ளாகிப் பின்னர் தளர்த்தப்பட்டது. ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. பணம் அனுப்பும் தாய், 'உனக்காகவே போகிறேன்' என்று சொல்லிப் போகிறாள். சொல்லாமல் போன தாயின் பிள்ளையிடம் அந்த ஒரு வாக்கியம்கூட இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை

இவற்றை நூலில் மட்டும் படித்து நான் எழுதவில்லை. உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது என் தாய் வீட்டைவிட்டுப் போனார். முதல் நாள் இரவு, குழம்பு பிடிக்கவில்லை என்று நான் தட்டைத் தள்ளிவிட்டிருந்தேன். அதனால்தான் அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நீண்ட நாள் நம்பினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் எல்லாரும் என்னைத் திட்டுவர் என்று அஞ்சினேன்.

'உங்கம்மா மாமா ஊருக்குப் போயிருக்கா, பொங்கலுக்கு வந்துடுவா' என்றார் ஆயா. பொங்கல் போயிற்று. 'ஆடிக்கு வந்துடுவா' என்றார். ஆடியும் போயிற்று. பாவம், ஆயா என்மேல் கொண்ட இரக்கத்தால்தான் பொய் சொன்னார். ஆனால் நான் கற்றது வேறு: பெரியவர்கள் சொல்வதை நம்பக்கூடாது என்பதே அது. மாலையில் பள்ளி விட்டதும் சாலையோரத்தில் நின்று, காஞ்சிபுரத்திலிருந்து வரும் பேருந்துகளை எண்ணுவேன். மூன்று பேருந்துகள் போனபிறகே வீட்டுக்குப் போவேன்.

பள்ளிக்கு நான் தலைவிரி கோலமாகவே போவேன். ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்பாவுக்குப் பின்னத் தெரியாது. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அக்கா ஒருவர், அடுப்பு மூட்டுவதற்கு முன் என்னை உட்காரவைத்து எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டிவிடுவார். என் தாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு சொல் பழித்ததுமில்லை. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு பள்ளிநாள்கூட அவர் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அப்பா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். மதகின்மேல் உட்காரவைத்துச் சொன்னார்: 'உங்கம்மா இனிமே நம்ம ஊட்டுக்கு வரமாட்டா, கண்ணு. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போவல. நான் எங்கியும் போவமாட்டன்.'

அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன். மறுநாளிலிருந்து பேருந்து எண்ணுவதை விட்டுவிட்டேன். உளவியல் நூல்களைப் பின்னாளில் புரட்டியபோது, எழுதப் படிக்கச் சிரமப்படும் என் தந்தை, சொல்லவேண்டியவை அனைத்தையும் அந்த நான்கு வாக்கியங்களில் சொல்லியிருந்தார் என்று கண்டேன். உண்மை நிலை, பிள்ளையின் குற்றமின்மை, பெரியவர்களின் பொறுப்பு, எஞ்சியிருப்பவரின் உறுதி ஆகிய நான்கும் அவற்றில் இருந்தன. அவர் ஒன்றில் மட்டுமே தவறினார்: அதைச் சொல்ல இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டார்.

வயதுக்கேற்ற துயரம்

எல்லாப் பிள்ளையும் ஒரே விதமாகத் துயர்ப்படுவதில்லை. பேச்சு வராத குழந்தை உறக்கத்தாலும் உணவாலும் தன் துயரைக் காட்டும். மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளை, விட்ட பழக்கத்துக்குத் திரும்பும்; படுக்கையை நனைக்கும், விரல் சூப்பும், அப்பா கொல்லைக்குப் போனாலும் அழும். உலகில் நிகழ்வன எல்லாம் தன்னாலேயே நிகழ்கின்றன என்று எண்ணும் வயது அது. ஆகவேதான் 'நான் கெட்ட பிள்ளை, அதனால் அம்மா போய்விட்டாள்' என்ற முடிவுக்கு எளிதில் வருகிறது.

பள்ளிப் பருவத்தில் துயரம் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வரும். பாடத்தில் கவனம் சிதறும். சில பிள்ளைகள் அடிதடியில் இறங்கும். சில பிள்ளைகள் அளவுக்கு மீறி நல்ல பிள்ளையாக நடக்கும். பின்னதையும் நாம் கவனிக்கவேண்டும். 'இன்னொருவரும் போய்விடக் கூடாதே' என்ற அச்சத்தால் அடங்கி நடக்கும் பிள்ளை அது. வளரிளம் பருவத்திலோ வெட்கமும் சினமும் மேலோங்கும். அதிலும் மூத்த பெண்பிள்ளையாக இருந்தால், அடுப்பும் தம்பி தங்கையரும் அவள் தலையில் விழுகின்றன. 'அம்மா இடத்தில் நின்று பார்த்துக்கொள்கிறாள்' என்று ஊர் புகழும். அப்புகழுக்கு விலையாக அவள் படிப்பு நிற்பதையும், அடுத்து அவளுக்கும் இளவயதில் மணம் பேசப்படுவதையும் நாம் காணாமல் இல்லை.

ஒரு கை போதும்

அப்படியானால் தாய் பிரிந்த பிள்ளையின் வாழ்வு பாழ்தானா? இல்லை என்பதே ஆராய்ச்சிகள் தரும் விடை. பௌல்பியின் கருத்தை மறுபரிசீலனை செய்த மைக்கேல் ரட்டர், 1972-இல் வெளியிட்ட நூலில் இரண்டு உண்மைகளை எடுத்துக்காட்டினார். முதலாவது, குழந்தை தாய் ஒருத்தியிடம் மட்டுமன்றித் தந்தை, பாட்டி, உடன்பிறந்தார் எனப் பலரிடமும் ஆழ்ந்த பற்றுக் கொள்ளக்கூடியது. இரண்டாவது, பிள்ளையின் நடத்தையைக் கெடுப்பதில் வெறும் பிரிவைவிட வீட்டில் நடக்கும் ஓயாத சண்டைக்கே பங்கு அதிகம்.

இதைவிடத் தெம்பூட்டுவது ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் நடந்த ஆய்வு. எம்மி வெர்னர் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும், அத்தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தனர். கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் உழைத்தோரின் பிள்ளைகள் அவர்களிடையே மிகுதி. வறுமை, பெற்றோர் சண்டை, பிரிவு, மனநோய் எனப் பல இடர்கள் ஒன்றுசேர்ந்த பிள்ளைகள் ஏறத்தாழ 210 பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 72 பேர், தன்னம்பிக்கையும் பொறுப்பும் அன்பும் மிக்கவர்களாக வளர்ந்தனர். இவர்களுக்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானது, கைவிடாத பெரியவர் ஒருவரேனும் உடனிருந்தமை. அவர் பெற்றவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக, அத்தையாக, ஆசிரியராக, அண்டை வீட்டாராகவும் இருக்கலாம்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். ஆதி, பகவன் கதை நம் ஊர்களில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பிறந்த இடத்திலேயே பிள்ளையை விட்டுச் செல்லவேண்டும் என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட ஆதி, ஏழு குழந்தைகளையும் ஏழிடங்களில் விட்டுச் சென்றாளாம். பாணர் வீட்டிலும் வண்ணார் வீட்டிலும் குறவர் குடியிலுமாக வெவ்வேறு கைகள் அவர்களை எடுத்து வளர்த்தனவாம். அவர்களே ஔவையாகவும் கபிலராகவும் வள்ளுவராகவும் ஆயினர் என்பது கதை. வரலாறு அன்று, கதைதான். ஆயினும் தாய் விட்டுச் சென்ற பிள்ளைகளைத் தமிழின் தலைமக்களாக்கிப் பார்த்த நெஞ்சம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

செய்யத்தக்கன

வீட்டார் முதலில் உண்மையைச் சொல்லவேண்டும். பிள்ளைக்குப் புரியும் அளவில், சுருக்கமாக. வராதவரை 'வருவார்' என்று சொல்லக்கூடாது. உயிரோடிருப்பவரை 'இறந்துவிட்டார்' என்று சொல்லவே கூடாது. 'உன்னால் அன்று' என்பதை ஒருமுறை சொன்னால் போதாது, பலமுறை சொல்லவேண்டும். உணவு, குளியல், உறக்கம், பள்ளி ஆகியவற்றின் நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நாளை என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு அச்சம் குறைகிறது. தாயின் படத்தையும் சேலையையும் எரித்தெறிய வேண்டாம். பிள்ளை கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். தாய் பார்க்க விரும்பி, அதனால் பிள்ளைக்குத் தீங்கில்லையெனில், அச்சந்திப்பைத் தடுக்காமலிருப்பது நலம்.

தாயைப் பிள்ளையின் முன் பழித்தல் கூடாது. 'அவள் கெட்டவள்' என்னும்போது, 'நானும் அவளில் பாதிதானே' என்று பிள்ளையின் மனம் கணக்கிடுகிறது. 'ஓடிப்போனவள் மகள்' என்று ஒரு முறை சொல்வதற்கு நமக்கு ஒரு நொடி போதும். கேட்டவளுக்கு அது பல ஆண்டுகள் காதில் நிற்கும்.

ஆசிரியர் பெருமக்களும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவ நண்பர்களும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டுகிறேன். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், வீட்டில் தாயில்லாத பிள்ளை ஒன்றேனும் இருக்கக்கூடும். 'அம்மாவை அழைத்து வா' என்பதற்குப் பதில் 'வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வா' என்று சொல்வதில் நமக்குக் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை.

ஊரின் கடமை

நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் அங்கே உள்ளன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று வகுத்த ஊர் இது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஏதும் அறியாத சிறுவனாக இருக்கவேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. சிறுவனின் கையை அத்தனை நம்பிய ஊர், சிறுவர்க்கும் ஒரு வாரியம் வைக்கவேண்டாமா?

அதற்கு ஒப்பான ஏற்பாடு இன்று இல்லாமலில்லை. ஊராட்சிதோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்க வழி உள்ளது. மாவட்ட அளவில் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தைகள் நலக் குழுவும் உள்ளன. இடருற்ற குழந்தைக்காக 1098 என்ற கட்டணமில்லாத எண்ணில் எவரும் பேசலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குழந்தை தன் உறவினரிடமே வளர மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்க வழியுண்டு. தாய் தந்தையருள் ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுச் சென்ற குழந்தைகளையும் கருதி, தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் மாதம் 2,000 ரூபாய் வழங்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலையில் அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளைக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் திட்டம் தானாக வீடு தேடி வருவதில்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாத பாட்டிக்கு அதை எழுதிக்கொடுக்க ஒருவர் வேண்டும். கல்லூரியில் படிக்கும் நாமே அந்த ஒருவராகலாம் அல்லவா?

நிறைவாக

நான்காம் வகுப்பில் 'என் தாய்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் தாய் தினமும் இட்லி சுட்டுத் தருவதாகவும், தலை பின்னிவிடுவதாகவும், இரவில் கதை சொல்வதாகவும் எழுதினேன். பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. எழுதியதில் தலை பின்னிவிட்டது ஒன்றுதான் உண்மை. அதைச் செய்தவர் வேறொருவர்.

இது அத்தலைப்பில் நான் எழுதும் இரண்டாவது கட்டுரை. இதில் பொய் எதுவும் இல்லை. என் தாய்மீது இன்று எனக்குச் சினமில்லை, எங்கிருந்தாலும் நலமாயிருக்கட்டும். இதைப் படிப்பவருள் பேருந்துகளை எண்ணிய பிள்ளை எவரேனும் இருந்தால், அவருக்கு என் தந்தை சொன்னதையே நானும் சொல்கிறேன்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவில் தலை பின்னாமல் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இருந்தால், காரணம் கேட்காதீர்கள், சீப்பை எடுங்கள்.